வெளிச்சுவரில் ஒரு வாக்கியம்

மாமாவுக்கு,

எளாவூரில் உங்கள் அம்மா கையால் சாப்பிடுகிறீர்கள், நல்லது. எனக்கு இங்கே சமைக்க நேரமில்லை. டியூஷனுக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, ஆங்கில இலக்கணத்தை முதலிலிருந்து திரும்பப் பார்க்கிறோம்.

வீட்டுக்குள் இடம் போதாமல் கரும்பலகையை வெளிச்சுவரில் மாட்டித் தந்ததே நீங்கள்தான். பிள்ளைகள் எழுதுவதில் நல்ல வாக்கியம் ஒன்றைத் திருத்தி, மறுநாள்வரை அதில் விட்டுவைப்பேன். நீங்கள் கிளம்பிய அன்று பூமிகா ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: என் அப்பாவின் கை மிஷினில் மாட்டியது, கம்பெனி அவர் மேலேயே பழி போட்டது.

அது உங்கள் கம்பெனியும்தான்; அதன் பஸ் நம் வீட்டுக்கு எதிரில்தான் நிற்கிறது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் படித்தார்கள்.

"பசுமாடு, ரோஜாப்பூன்னு எழுத வையேன். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? அழிச்சிடு!" என்று பிள்ளைகள் எதிரிலேயே கத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு எளாவூருக்குப் போனீர்கள்.

நான் அழிக்கவில்லை. வினைச்சொல்லையும் சொற்களின் வரிசையையும்தான் எனக்குத் திருத்தத் தெரியும். நடந்ததைத் திருத்துவது உங்கள் ஆபீஸ் வேலை. அவள் அப்பாவின் கை மாட்டிய அன்று அந்த மிஷின் லைனுக்கு லீடர் யார் என்று பூமிகா கேட்கவில்லை. நீங்கள்தான் என்று நானும் சொல்லவில்லை.

நேற்று மழையில் எழுத்து கரைந்துவிட்டது. இன்று காலை இன்னும் பெரிதாக எழுதியிருக்கிறேன். எளாவூரிலிருந்து ஷிப்டுக்கு இந்த வழியாக வரும்போது பஸ்ஸில் சன்னலோரம் உட்காருங்கள். அதில் தப்பு இருந்தால் இறங்கி வந்து பிள்ளைகள் முன்னால் திருத்துங்கள்.

சாக்பீஸ் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வீட்டில் இருப்பவள்