புருஷன் பெயர் சொன்னால் தையல் மெஷின்

உக்குவளை
18-8-1940

அன்புள்ள மச்சானுக்கு,

சுந்தரம்மா எழுதிக்கொண்டது. நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். அந்த ஒரு வரி வரவில்லை, விட்டுவிடுகிறேன். நீங்களாவது நலமாக இருக்க வேண்டும்.

கண்டியிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் பலீல் நானாவின் தையல் கடைக்கு வந்து சேர்ந்தது. ஒட்டினபடியே இருந்தது. இனிமேலும் கடை விலாசத்துக்கே எழுதுங்கள். தோட்டத்துக்கு வரும் தபாலை இராமையா கணக்கப்பிள்ளை ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்த பிறகுதான் லயத்து வரிசை வீடுகளுக்கு அனுப்புகிறார்.

வேலை நிறுத்தத்தில் விழுந்த கல்லின் தழும்பை இன்னும் தடவிக் காட்டுகிறார். எறிந்தது நீங்கள் இல்லை என்று அவருக்கும் தெரியும். சங்கத்துக்குப் பெயர் சேர்த்தது நீங்கள், அதுதான் கோபம். அதற்குத்தான் போலீஸ், அதற்குத்தான் வாரண்டு. கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லோருக்கும் முன்னால் என்னை நிறுத்தி, "உம் புருஷன் எங்கடி?" என்கிறார். "தெரியாதுங்க" என்றால் நிறுவையில் குறைத்துவிடுகிறார். போன வாரம் வேறு மாதிரிப் பேசினார். "தீவாளிக்குள்ள அவனக் காட்டு. இல்லாட்டி காம்பராவ விட்டு எறங்கு. உன்னய ஸ்டேசன்ல உக்கார வச்சா அவன் தானா வருவான்."

அன்று முதல் அந்த ஒற்றை அறையின் கதவுக்கு உள்பக்கம் அம்மிக்கல்லைச் சாத்தி வைத்துத்தான் படுக்கிறேன்.

நான் இறங்கிவிட வேண்டும், மச்சான். அவர்கள் இறக்கிவிடும் முன்னால் நானே. நானாவின் மனைவி றஸ்மியா அக்கா எனக்குச் சட்டை தைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார். பலீல் நானா, "சொந்த மெஷினோட வா தங்கச்சி, பின்னால காம்பரா சும்மாத்தான் கெடக்கு" என்கிறார். மெஷினுக்கு எங்கே போவேன் என்று இருந்தபோது இந்த நோட்டீசு கிடைத்தது. மாத்தளைக்குக் கார்னிவல் வருகிறதாம், "கேள்வி மேடை" நடக்கிறதாம், ஜெயித்தால் தையல் மெஷினாம். அது நீங்கள் ஒலிபெருக்கி கட்டுகிற கம்பெனிதானே? மேடைக்கு ஆளை எப்படி எடுக்கிறார்கள்? நான் என்ன செய்தால் எடுப்பார்கள்?

உங்கள்
சுந்தரம்மா


கண்டி
25-8-1940

என் சுந்தரத்துக்கு,

கையெழுத்து இனி மாரிமுத்து என்றுதான் இருக்கும். கம்பெனியில் என்னை அந்தப் பெயரில்தான் தெரியும். காக்கிச் சட்டையைக் கண்டால் பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் குந்திவிடுகிறேன். நேற்று அப்படிக் குந்தினேன், வந்தவர் தபால்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சாயங்காலம் வரை கம்பியைப் பிழை பிழையாகவே கட்டினேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆளை எடுப்பவர் புரொபசர் சிவசாமி. எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் புரொபசர் இல்லை, கோட்டு இருக்கிறது, அவ்வளவுதான். அவருக்கு வேண்டியது அறிவு இல்லை, கூத்து. மஞ்சளோ சிவப்போ கட்டிக்கொண்டு போ, பின்வரிசைக்குத் தெரிய வேண்டும். காலையில் முதலில் போகாதே, பிறகு வருகிறவர்களைப் பார்த்து உன்னை மறந்துவிடுவார். கடைசியிலும் போகாதே, அப்போது அவருக்குப் பசி. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து உட்காரும் நேரம் பார்த்து முன்னால் போய் நில்.

பதில் தெரிந்தாலும் சட்டென்று சொல்லிவிடாதே. யோசி, நெற்றியில் கை வை, கூட்டம் தவிக்கட்டும், பிறகு சொல். பிழையாகிவிட்டால் நீயே முதலில் சிரி. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்பது போலக் கையைக் கட்டிக் குனிந்து நிற்காதே. மெஷின் எதற்கு என்று கேட்டால் கஷ்டத்தைச் சொல்லாதே. அழுதவளை அவர் எடுத்ததே இல்லை. முன்வரிசை நாற்காலிக்காரர்கள் காசு கொடுத்து வருவது நம்மைப் பார்த்துச் சிரிப்பதற்கு. நம் கண்ணீருக்கு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

இனி முக்கியமானது. கல்யாணமான பெண் என்றால் கடைசியில் புருஷன் பெயரை மைக்கில் சொல்லச் சொல்வார். நம் பெண்கள் செத்தாலும் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் அவருடைய மூலதனம். வள்ளி புருஷன் பேரு, எங்க மாட்டோட பேரு என்று அவர்கள் சுற்றி வளைக்க, கூட்டம் உருண்டு சிரிக்கும். சொன்னவளுக்கு மெஷின். கம்பளையில் ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டு இறங்கி ஓடினாள். அந்த அழுகையையும் ஊருக்கெல்லாம் கேட்க வைத்தது நான் கட்டிய ஒலிபெருக்கி.

மூன்று வருஷமாக நீ என்னை "மச்சான்", "இந்தாங்க" என்றே கூப்பிட்டு வந்தாய். இப்போது அதுவும் நல்லதுக்குத்தான். நீ சொல்ல வேண்டியது என் பெயரே இல்லை. மாரிமுத்து என்று சொல். யாருடைய பெயரோ அது, நாக்குக் கூசாது. ரொட்டி சுடும்போது சொல்லிப் பழகு.

மெஷின் உண்மையான மெஷின்தான். ஊருக்கு ஒன்று கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஊரில் டிக்கெட் விற்காது.

மாரிமுத்து


உக்குவளை
17-9-1940

அன்புள்ள மச்சானுக்கு,

என்னை எடுத்துவிட்டார்கள். சந்தோஷப்படாதீர்கள், கடைசி வரை படியுங்கள்.

மேடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை மாத்தளைக்குப் போனேன். றஸ்மியா அக்காவின் சிவப்புச் சேலை. தேத்தண்ணிக்குப் பிறகுதான் முன்னால் போனேன். ஆனால் புரொபசர் பெயரைக் கேட்டதும் நீங்கள் செய்யாதே என்றதையே செய்தேன். கால் தானாகச் சேர்ந்தது, கை தானாகக் கட்டிக்கொண்டது. "சுந்தரம்மா, ரெண்டாம் லயம், வந்திருக்கேனுங்க" என்றேன்.

"வந்திருக்கது தெரியுதே தாயி, உருவந்தான் முன்னால நிக்குதே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சரி, ஒரு றாத்தல் தேயிலைக்கு எத்தன றாத்தல் கொழுந்து வேணும்?"

நெற்றியில் கை வைத்தேன். வானத்தைப் பார்த்தேன். "நாலு நாலரை வேணுங்க. எங்க கணக்கப்புள்ள நிறுத்தா ஆறு" என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. மண்டபமே அதிர்ந்தது. புரொபசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு புருஷன் பெயர். எத்தனை ரொட்டிக்குச் சொல்லிப் பழகியிருந்தேன்! வாய் திறக்கவில்லை, மச்சான். பொய்ப் பெயர்தான். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதிலாக வரும்போது, அத்தனை பேருக்கு முன்னால் உங்களைத் தொடுவது போல் இருந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். போயிற்று என்று நினைத்தேன். அவரோ துள்ளிக் குதித்தார். "இது போதும்! இவங்கள மேடையில வச்சுக் கேப்போம், பிச்சுக்கிட்டு ஓடும்!" என்றார்.

நான் சொன்ன பகடி எனக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை பெரட்டில் இராமையா கணக்கப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயம். "ஆறு றாத்தலா? சரி சரி. நாங்களும் வர்றோம். தொரகிட்ட லொறி கேட்டாச்சு, லயமே வருது. எனக்கு முன்வரிசை நாக்காலி. புருஷன் பேர நல்லாச் சொல்லு. எங்க இருக்கான்னும் சேத்துச் சொல்லிப்புடு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மாரிமுத்து என்று சொன்னால் லயமே எழுந்து "அது யாருடி மாரிமுத்து?" என்று கேட்காதா? கம்பெனிக்காரர்கள் அதே பெயரைச் சொல்லி அங்கே உங்களைக் கூப்பிட மாட்டார்களா? இதை நீங்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. லயத்துக்காரர்கள் பார்க்க வருவார்கள் என்பதே நம் புத்தியில் ஏறவில்லை. எந்த வேடிக்கைக்கு நமக்கு லொறி கொடுத்திருக்கிறார்கள்?

உண்மைப் பெயரைச் சொன்னாலும் அவருக்குத்தான் லாபம். நான் என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்
சுந்தரம்மா


கண்டி
24-9-1940

சுந்தரம்,

வராதே. காய்ச்சல் என்று படுத்துக்கொள்.

என்னைக் கண்டியிலேயே விட்டுப் போகச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். கம்பியும் பேட்டரியும் என் ஒருவனுக்குத்தான் தெரியும், முடியாது என்றுவிட்டார்கள். இப்போது ஓடினால் ஏன் ஓடினான் என்று பேச்சு வரும். மேடைக்கு அடியில் பலகைச் சந்துக்குள் படுத்துவிடுகிறேன். மைக்கைப் புரொபசரே பிடித்துக்கொள்வார். யாரும் என்னைப் பார்க்க முடியாது.

எனக்கு வேறு யோசனை வரவில்லை. சங்கக் கூட்டத்தில் அத்தனை பேச்சுப் பேசியவன், உனக்கு ஒரு வழி சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நாம் பசித்தால் குற்றம், கேட்டால் குற்றம், இப்போது ஒரு பெயர் வைத்திருப்பதும் குற்றம். மெஷின் போகட்டும். நீ வராதே.

மாரிமுத்து


உக்குவளை
6-10-1940

மாரிமுத்து அவர்களுக்கு,

உங்கள் கடிதம் 28ஆம் தேதி சனிக்கிழமை, கேள்வி மேடை நடக்கிற அன்று காலையில்தான் கிடைத்தது. காய்ச்சல் என்றே படுத்தேன். கணக்கப்பிள்ளை இரண்டு பேரை அனுப்பினார். "நடக்க முடியலேன்னா தூக்கிட்டு வரச் சொன்னாரு" என்றார்கள். நானே எழுந்து சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டேன்.

அங்கே நடந்ததை நீங்கள் கேட்டீர்கள், பார்க்கவில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடித்ததும் புரொபசர் மெஷினின் மேல் கிடந்த பட்டுத் துணியை இழுத்தார். விளக்கு வெளிச்சத்தில் கறுப்பாக மின்னியது. "இன்னும் ஒரே ஒரு பேரு தாயி!" என்றார். முன்வரிசையில் கணக்கப்பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "சொல்லுடி, என்ன வெக்கம்?" என்று கத்தினார். பின்னால் லயத்துக்காரர்களும் வேடிக்கையாகச் சத்தம் போட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

நான் குனிந்தேன். பலகைச் சந்தில் ஒரு கை தெரிந்தது. கம்பியைப் பிடித்திருந்தது, உங்கள் கை.

"அவரு செத்துப்போயிட்டாருங்க" என்றேன்.

அந்த நேரம் ஒலிபெருக்கி ஊளையிட்டது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். கீழே உங்கள் கை எதைத் தட்டிவிட்டது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஊளை நின்றது. புரொபசர் மெதுவாக, "எப்ப தாயி?" என்றார். "கொழும்புத் துறைமுகத்துல காய்ச்சல். போன வாரந்தான் சேதி வந்துச்சு." கணக்கப்பிள்ளை எழுந்துவிட்டார். "பொய்! அப்ப இந்தப் பொட்டு என்னத்துக்கு? செவப்புச் சேல என்னத்துக்கு?"

"அழுதா மேடையில எடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றேன். பிறகு பொட்டை அழித்தேன். வேறு எப்படி அவரை நம்பவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பின்னாலிருந்து பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா அடிவயிற்றிலிருந்து ஒரு ஓலம் விட்டாள். அவளைத் தொடர்ந்து லயத்துப் பெண்கள் எல்லோரும். ஆண்கள் முன்வரிசைப் பக்கம் நகர்ந்தார்கள். "தாலி அறுத்தவள மேடையில ஏத்தி ஆட்டுறியா நீ?" என்று கணக்கப்பிள்ளையிடமே கேட்டார்கள். அவர் நாற்காலியை விட்டு இரண்டடி பின்னால் போனதை முதல் தடவையாகப் பார்த்தேன். புரொபசர் பயந்துபோய், மெஷினைத் தன் கையாலேயே தூக்கி லொறியில் வைத்தார்.

மறுநாள் சடங்கு. மறுக்க முடியுமா? மாரியாயி அக்கா என் வளையலை உடைத்தாள். தாலியைப் பாலில் போட்டார்கள். அது விழுந்த சத்தத்தில் எது பொய் என்று எனக்கே மறந்துபோனது. உண்மையாகவே அழுதேன். ஒரு லயமே அழுதது. சங்கத்தில் பெயர் சேர்க்கப் பயந்தவர்கள்கூட வந்து அழுதார்கள்.

இப்போது பலீல் நானா கடையின் பின் காம்பராவில் இருக்கிறேன். மெஷின் நன்றாக ஓடுகிறது. போலீசில் நீங்கள் செத்துவிட்டதாக எழுதிக்கொண்டார்களாம். கணக்கப்பிள்ளை நம்பவில்லை. கடைக்கு எதிரே ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறார், இந்த அறுதலிக்கு யார் கடிதம் போடுகிறார்கள் என்று பார்க்க. அதனால் எழுதாதீர்கள். இந்தக் கடிதத்தை றஸ்மியா அக்கா கண்டியில் போடுவார். அவர், "ஒரு வருஷம் போகட்டும், ஒங்க ஆளுகள்ள அறுத்துக் கட்டுறது உண்டுதானே, மாரிமுத்துன்னு ஒருத்தர் பொண்ணு கேட்டு வந்தா நாங்க என்ன வேணாம்னா சொல்லுவோம்?" என்கிறார். அதை நினைத்துப் பார்க்கவும் எனக்குப் பயமாக இருக்கிறது. வெள்ளைச் சேலையோடு சிரிக்கக் கூடாது, பாருங்கள்.

முத்துவீரன். உங்களிடம் ஒரு நாளும் சொல்லாத பெயர். செத்தவரின் பெயரைச் சொல்லலாம் என்பதால் ஒரு தடவை எழுதிவிட்டேன். படித்ததும் இந்தத் தாளை எரித்துவிடுங்கள்.

இனி எந்த ஊரிலாவது அந்தப் பெயரைச் சொல்லி யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். குரல் என்னுடையதாக இருந்தாலும்.

சுந்தரம்மா
தையல்காரி, உக்குவளை