ராத்தாவின் வீடும் ஒரு டிஸ்க்கும்

மார்ச் 7, திங்கள்

காலையிலேயே வெயில். பள்ளிவாசல் மேல்மாடி அறை. மின்விசிறி இல்லை.

சீதன வீட்டுப் பதிவு வேண்டும். எந்தப் பெண்ணுக்கு எந்த வீடு கொடுத்தது என்ற புத்தகம் டிசம்பரில் கடல் பொங்கியபோது அதோடு போய்விட்டது. அதை முன்பே முழுக்கப் பள்ளிவாசல் கணினியில் ஏற்றியவள் நான். மேல்மாடியில் இருந்ததால் டிஸ்க் தப்பியது. கரண்ட் திரும்பி வந்த அன்று கணினியின் தாய்ப் போர்டு கருகியது. அக்கரைப்பற்றில் பழைய போர்டு ஒன்று வாங்கிப் பூட்டினேன்.

லினக்ஸ் எழும்புகிறது. பதிவைத் திறந்தால் திரை முழுக்கப் பிழைச் செய்தி, பிறகு உறைந்துவிடும். நாலு தரம்.

ராத்தாவின் புருஷன் வாசலில் நின்று, "டிஸ்க் செத்துப் பெய்த்து மச்சி. உடுங்க. விதானையார் புதுசா எழுதுவார்தானே."

கிராம அதிகாரியான விதானையார் புதுசாக எழுதினால் குடும்பத் தலைவர் என்று ஆம்பிளைகள் பேர்தான் விழும். ராத்தா, என் கூடப்பிறந்த அக்கா, கடலில் மௌத்தாகிப் பத்து வாரம். மச்சானுக்கு மறு கல்யாணம் பேசியாயிற்று. அந்தப் பெண்ணின் சீதன வீடும் கடலோடு. ஆகவே ராத்தாவின் வீட்டுக்குப் பதிலாக அரசாங்கம் கட்டப்போகும் வீட்டில் கண். ராத்தாவின் மகள் நுஸ்காவுக்கு எட்டு வயது. அவள் எங்கே போவாள்?

வெள்ளிக்கிழமை புது வீடுகளுக்கான பட்டியல் முடிகிறது. விடமாட்டேன்.

மார்ச் 8, செவ்வாய்

டிஸ்க்கில் குற்றமில்லை. குற்றம் டிஎம்ஏ. டிஸ்க் நேரே நினைவகத்தில் கொட்டும் வேக முறை. பழைய போர்டு தாங்கவில்லை. அதை நிறுத்தினால் செயலி தானே கொஞ்சம் கொஞ்சமாக அள்ளும். ஆமை வேகம், ஆனால் சிந்தாது.

லினக்ஸின் கருவான கேர்னல் தொடங்கும் வரியில் 'டிஎம்ஏ வேண்டாம்' என்று கட்டளை கொடுத்தேன். திறந்தேன். உறைந்தது.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான். பள்ளிவாசல் செயலாளர்: "பொம்பிளப் புள்ளைக்கு இவ்வளவு புடிவாதம் கூடாது." கூடும்.

வாங்க: மெழுகுதிரி, நுஸ்காவுக்கு எழுதக் கொப்பி.

மார்ச் 9, புதன்

மழை. கரண்ட் மூன்று தரம் போனது.

எதையும் திறக்காமல் கேர்னலையே கேட்டேன், டிஎம்ஏ ஓடுகிறதா? ஓடுகிறது! நிறுத்தச் சொன்னேனே. தொடக்கக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேர்னல் சொன்ன சொல் கேட்டு நிறுத்தித்தான் இருக்கிறது. எல்லாம் எழும்பி முடிந்த பிறகு கடைசி வரி ஒன்று அதைத் திரும்ப இயக்குகிறது.

எழுதியது யார்? நான். போன வருடம் என் கணினி எவ்வளவு வேகம் என்று மினுக்க. மூன்று நாளாக என்னோடு நானே மல்லுக்கட்டியிருக்கிறேன். மடச்சி.

அழித்தேன். திறந்தது.

மார்ச் 10, வியாழன்

நாள் முழுக்கப் பிரதி. ராத்தாவின் பேர் திரையில் வந்தபோது எழும்பி வெளியே போய் அழுதேன். பிறகு அச்செடுத்தேன்.

மார்ச் 11, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் விதானையாரின் மேசை. எனக்கு முன்னால் மச்சான். தாள்களை மேசையில் வைத்தேன்.

விதானையார் வாசித்துவிட்டு, "சின்னப் புள்ளைட பேர்ல எப்பிடி எழுதுற?"

"வீடு ராத்தாட. இப்ப அவட மகள்ட. எழுதுங்க."

மச்சான் முகம் சிவந்தார். "எனக்குப் பங்கில்லையா?"

"ஓம், இருக்கு. கால் பங்கு. மார்க்கம் தந்தத நான் மறுக்கல்ல."

"கால் வாசி ஊட்ட வெச்சி நான் எப்பிடிக் குடியிருக்கிற?"

"நுஸ்காட்டக் கேட்டுட்டு அந்த ஊட்டுல இருங்க."

விதானையார் பேனாவைத் திறந்தார்.