இரண்டாம் சான்று

மார்ச்சு 2
அன்பும் மதிப்பும் மிகுந்த அத்தானுக்கு,
கண்டேன், பழந்தின்னிப் புறாவைக் கண்டேன்! சாம்பல் தலை, பச்சை முதுகு. காட்டில் ஓர் அத்திமரத்தின் உச்சிக்கிளையில் அமர்ந்து அத்திப் பழங்களை முழுதாக விழுங்கியது. ஒரு தலைமுறையாக இங்கே எவர் கண்ணிலும் படாத பறவை! நம் பறவையாளர் மன்றமோ இரண்டாம் சான்று கேட்கிறது. "மாடப்புறாவுக்குப் பச்சை அடிச்சுட்டு வந்தீங்களா?" என்று செயலாளர் நகைக்கிறார்.
இடத்தைச் சொல்லமாட்டேன். சென்ற ஆண்டு ஆந்தைக் கூட்டைத் தங்களிடம் மட்டுமே சொன்னேன். ஒளிப்படம் எடுப்போர் படையே திரண்டு வந்தது. தாய் ஆந்தை கூட்டைக் கைவிட்டது. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
தங்கள் மைத்துனன்

மார்ச்சு 7
அன்பு மைத்துனா,
கேட்கவில்லை என்று எழுதியே கேட்டுவிட்டாய். நான் எவரிடமும் சொல்லவில்லை. உன் அக்காள் சிரிக்கிறாள்: "சின்ன வயசுலயே பென்சில் டப்பாவுக்குப் பூட்டு போட்டவன் அவன்! உங்களையா நம்பப்போறான்?"
இடத்தைச் சொல். சான்றாக நான் நிற்கிறேன்.
உன் அத்தான்

மார்ச்சு 11
அத்தானுக்கு,
மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்புறம், ஓடை வளையும் இடத்தில் பெரிய அத்திமரம். ஞாயிறு விடியலில் செல்லுங்கள். மருந்துக்கடையை விட்டு நான் வர இயலாது. மூன்றாம் செவிக்கு எட்டவேண்டாம்.
மைத்துனன்

மார்ச்சு 16
அன்பு மைத்துனா,
பார்த்தேனடா! நீ எழுதியது முற்றிலும் உண்மை. அதே சாம்பல் தலை, அதே பச்சை முதுகு. மன்றத்துக்குச் சான்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன். இனி எவன் நகைப்பான்?
உன் அத்தான்

மார்ச்சு 18
அத்தானுக்கு,
எதைப் பார்த்தீர்கள்? அங்கே அத்திமரமே இல்லை! வெறும் முட்புதர்! தாங்கள் யாரிடம் சொல்கிறீர்கள் என்றறியவே பொய்யான இடத்தைச் சொன்னேன். ஆலை மதிலின் மறைவில் நின்று நானே காவல் காத்தேன். ஒருவரும் வரவில்லை, குடையோடு தாங்கள் மட்டும் வந்தீர்கள், அங்குமிங்கும் தேடினீர்கள், பிறகு பாறைமேல் உச்சிவேளைவரை அமர்ந்திருந்தீர்கள். காணாத புறாவைக் கண்டேன் என்பவர் ஆந்தையைப் பற்றி மட்டும் உண்மை சொல்லியிருப்பாரா? விடை வேண்டும்!
மைத்துனன்

மார்ச்சு 24
மைத்துனனுக்கு,
மரம் இல்லை என்பதைப் போனதுமே கண்டேன். நான்தான் வழி தவறினேன் என்று எண்ணினேன். நீ பொய்யான இடத்தைச் சொல்லியிருப்பாய் என்று ஒருகணமும் தோன்றவில்லை. வெறுங்கையோடு திரும்பினால் செயலாளர் மீண்டும் உன்னைப் பார்த்து நகைப்பாரே என்றுதான் கையொப்பமிட்டேன். வாழ்நாளெல்லாம் நிலம் அளந்தவன் நான். காணாத எல்லைக்கு ஒருநாளும் கல் நட்டதில்லை. உனக்காக நட்டேன். தவறுதான்.
அந்தக் கையொப்பத்தை நேற்றே திரும்பப் பெற்றுவிட்டேன். நீ புறாவைக் கண்டது உண்மை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் நான் குடையோடு வழிதேடி அலைந்ததை மதிலுக்குப் பின்னால் நின்று பார்த்தாயே, ஒருமுறைகூட "அத்தான்" என்று கூப்பிடத் தோன்றவில்லையா?
அக்காளைப் பார்க்க எப்போதும்போல் ஞாயிறுதோறும் வா. அந்தக் காலைகளில் நான் வீட்டில் இருக்கமாட்டேன்.
உன் அக்காள் கணவன்