மாலைக்குக் கீழே

14.8.2003, வியாழன்

சீ, என்ன பிழைப்பு இது! மாதவரம் லாயத்துக் குதிரைக்குட்டி இன்று மதியம் செத்துப்போனது. பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத குட்டி. கூடப்பிறந்த குதிரையின் எலும்பு மஜ்ஜை செல்களை அதற்கு ஏற்றினோம். ஏற்றிய செல்களே குட்டியின் உடம்பைத் தாக்கித் தோலை உரித்துவிட்டன. போன வாரம்தான் பெரிய டாக்டர் சாதனை என்று பேப்பர்காரர்களைக் கூப்பிட்டார். உரிந்த கழுத்து தெரியாமலிருக்கச் சாமந்தி மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். மாலைக்குக் கீழே சீழ் வழிந்தது.

இன்று சாவு அறிக்கையை என்னிடம் நீட்டி, "நிமோனியான்னு எழுதும்மா" என்றார் பெரிய டாக்டர். நானும் இங்கிலீஷில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

குட்டியை ராப்பகலாகப் பார்த்துக்கொண்ட லாயக்காரர் மணி வாசலில் நின்றார். "தோலு உரிஞ்சதெல்லாம் எழுதிக்கீறியாம்மா?"

"எழுதிட்டேண்ணே."

"அது போதும்மா. இன்னொரு குட்டிக்கு இத்த செய்ய மாட்டாங்க" என்று என்னைக் கும்பிட்டார்.