புது மண் அடைத்த வளை

தை 12, திங்கள். தா.பழூர்.

காலையில் கடும் பனி. வரப்பில் நடந்தால் வேட்டி முழங்கால் வரை நனைகிறது. பனியில் எலி வளைக்கு ஊதுகிற காஸ் தூள் டப்பாவைத் திறக்க முடியாது, ஈரம் பட்டால் அங்கேயே காஸ் விட ஆரம்பித்துவிடும். வெயில் ஏறும்வரை நானும் பம்பு அடிக்கிற கோவிந்தனும் காப்பி கிளப்பில். வெல்லக் காப்பி. சர்க்கரைக்கு ரேஷன் வந்ததிலிருந்து நாக்கு செத்துக் கிடக்கிறது.

ஆபீஸ் சுற்றறிக்கை வந்தது. யுத்த காலம், ஒரு மணி நெல்லும் வீணாகக் கூடாது, அறுப்பு முடிந்த வயல்களில் உடனே எலி வளைகளுக்குக் காஸ் அடிக்க வேண்டும். ஒரு எலி வருஷத்துக்கு எவ்வளவு தின்னும் என்று கணக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள். எலி சேர்த்து வைத்ததைத் தோண்டித் தின்கிற மனுஷர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

புது ஆட்கள் வருகிறார்களாம். சொல்ல வேண்டியவை, மறக்காமல்:

காற்று முதுகுப் பக்கம் இருக்கணும்.
டப்பாவைக் குனிந்து பார்க்காதே.
வேலையில் பீடி கூடாது. கை கழுவாமல் சோறு கூடாது.
தூள் ஊதியதும் வளை வாயை ஈர மண்ணால் அடை. அந்த வளைக்கு வேறு வாய் இருக்கும், தேடி அதையும் அடை.
தலை சுற்றினால் சொல். வீரம் வேண்டாம்.

செருப்பு வார் அறுந்தது. தைக்கிற ஆள் ஊரில் இல்லை.

தை 13, செவ்வாய்.

வாய்க்காலின் மேற்குக் கரையில் ஆரம்பித்தோம். பத்து வளை கூட முடியவில்லை, ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்து நின்றார்கள். மாயவன், அஞ்சலை. கூலி ஆட்கள். அறுப்பு முடிந்தால் இவர்கள் தெருவே கடப்பாரையோடு வயலில் இறங்கும். எலி உள்ளே இழுத்து வைத்த கதிரை எடுத்து, கசக்கி, காயவைத்து, சித்திரை வரைக்கும் அதுதான் கஞ்சி. எலியும் குழம்புக்கு ஆகும்.

"நீங்க காஸ அடிச்சி மூடிட்டா நாங்க என்னத்தங்க தோண்டுறது?" மாயவன் கேட்டான். சண்டை போடுகிற குரல் இல்லை.

"ரேஷன் கார்டு இருக்குல்ல?" என்றேன்.

"இருக்குதுங்க. அத ஒலையில போட்டா வேவுமா?" அஞ்சலை.

கோவிந்தன் சிரித்துவிட்டான். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். கடையில் புழுத்த சோளம் போடுகிறார்கள், அதுவும் வாரத்தில் பாதி நாள் இல்லை. இரண்டு பிள்ளைகள் அவளுக்கு. மூத்தவளுக்குக் கை கால் எல்லாம் குச்சி.

மாயவன் கரையில் நடந்து காட்டினான். "இந்தா பாருங்க, வாய் தொறந்து கெடக்குது, இது பழசு. இங்க பாருங்க புது மண்ணு. உள்ள ஆளு இருக்கான், கதவச் சாத்திக்கிட்டான். இங்கதான் கதிரு இருக்கும்." இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான். எலி உள்ளே இருந்தால் வாயைப் புது மண்ணால் அடைத்துக்கொள்ளும்.

சாயங்காலம் எங்கள் விவசாய ஆபீஸ் டிமான்ஸ்ட்ரேட்டரிடம் கேட்டேன். ஞாயிறு வரை கிழக்குக் கரையை அந்த ஜனங்கள் தோண்டட்டும், மேற்குக் கரையை நாங்கள் முடிக்கிறோம், திங்களிலிருந்து அதற்கும் அடிக்கிறோம் என்று. காதைக் குடைந்துகொண்டே, "சரி சரி, பாத்துக்கலாம்" என்றார். போதும் என்று வந்துவிட்டேன்.

மாயவனிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம வரைக்கும் கெழக்குக் கரையில ஒரு துளி தூள் விழாது. நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா போதுங்க" என்றான்.

தை 15, வியாழன்.

பனி குறைவு. மேற்குக் கரையில் பாதி ஆயிற்று. கோவிந்தனுக்குத் தலைவலி, காற்று திரும்பினதைக் கவனிக்கவில்லை. வேப்பமரத்தடியில் படுக்க வைத்தேன். திட்டினேன். பிறகு மோர் வாங்கிக் கொடுத்தேன்.

எதிர்க்கரையில் தெருவே இறங்கியிருக்கிறது. ஒரே சத்தம், சிரிப்பு. மாயவன் பானையில் புகை போடுகிறான். பானைக்குள் வைக்கோல் நெருப்பு, வாயை வளைமேல் கவிழ்த்து, அடியில் உள்ள ஓட்டையில் வாய் வைத்து ஊதுவது. கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"ஒன் பானையும் எங்க பம்பும் ஒண்ணுதான்டா" என்றேன், கரையிலிருந்தே.

"எங்கங்க? என் பானையில எலி மட்டுந்தான் போவும். ஒங்களுதுல எங்க கஞ்சியும் சேந்து போவுது."

மத்தியானம் சுட்ட எலிக் கறி கொடுத்தனுப்பினான், இலையில். கோவிந்தன் தலைவலி பறந்து எழுந்து உட்கார்ந்தான். நான் ஒரு துண்டு. நன்றாகவே இருந்தது. ஆபீஸுக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள்.

அஞ்சலை வாய்க்கால் ஓரத்தில் கதிர் கசக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கூடை நெல் இருக்கும். பெண் பிள்ளை அதன்மேல் கை வைத்தபடியே தூங்கிவிட்டது.

சட்டைப் பொத்தான் இரண்டு காணோம். வண்ணானைக் கேட்கணும்.

தை 17, சனி. ஜெயங்கொண்டம்.

தூள் தீர்ந்தது. டப்பா வாங்க வந்தேன். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ், ஏற்றத்தில் இரண்டு தடவை இறங்கித் தள்ளினோம். முகமெல்லாம் கரி. டப்பா வாங்கும்போது சாயங்காலம், திரும்ப பஸ் இல்லை. இங்கேயே தங்கல். கொசு. என் மகள் பாப்பாவுக்குக் கண்ணாடி வளையல் வாங்கினேன், அரியலூருக்கு யாராவது போனால் கொடுத்தனுப்பணும்.

தை 18, ஞாயிறு. தா.பழூர்.

மாயவன் செத்துப்போனான்.

எழுதிப் பார்த்தால் அடங்கும் என்று எடுத்தேன். அடங்கவில்லை.

நான் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினபோது காப்பி கிளப்பில் யாரும் இல்லை. கோவிந்தன் ஓடி வந்தான். நேற்று நான் கிளம்பினதும் அரியலூரிலிருந்து இன்னொரு கேங் வந்திருக்கிறது, மேஸ்திரி பெயர் சம்பந்தம். திங்கட்கிழமை பெரிய அதிகாரி பார்க்க வருகிறார், இரண்டு கரையும் முடிந்திருக்கணும் என்று டிமான்ஸ்ட்ரேட்டர் சொன்னாராம். தெரு ஜனங்கள் சனி சந்தைக்குப் போயிருந்த நேரம். கிழக்குக் கரை முழுக்கக் காஸ் அடித்து, ஈர மண் வைத்து, சுத்தமாக அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கோவிந்தன் சொல்லிப் பார்த்திருக்கிறான். "எனக்கு உத்தரவு" என்றானாம் சம்பந்தம். தண்டோரா போடணும், போடவில்லை. தமுக்கு அடிக்கிற ஆள் துக்கத்துக்குப் போயிருந்தானாம். கோவிந்தன் சாயங்காலம் தெருவில் போய்ச் சொல்லியிருக்கலாம். பயந்துகொண்டு படுத்துவிட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இன்று விடிந்ததும் மாயவன் வந்திருக்கிறான். கரை நெடுகப் புது மண். எல்லா வளையிலும் எலி இருக்கிறது என்று அஞ்சலையைக் கூப்பிட்டுச் சிரித்திருக்கிறான். முதல் வளையைத் தோண்டிக் கதிரை வாரிப் போட்டிருக்கிறான். தலை கிறுகிறுக்குது என்றானாம், பசி என்று நினைத்தார்கள். இரண்டாவது வளையை வாய் மட்டும் திறந்து, பானையைக் கவிழ்த்து ஊதக் குனிந்தான். எழுந்திருக்கவில்லை. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

நான் அடைக்கச் சொல்லிக்கொடுத்த மண். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஈர மண்ணால் அடை, நன்றாக அடை. எலி அடைக்கிற மாதிரியே அடைக்கிறோம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றியிருக்கணும். அவன் விரலால் தொட்டுக் காட்டினான்.

போய்ப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது, தூங்குகிறவன் போல. அஞ்சலை அழவில்லை. என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தை 19, திங்கள்.

பெரிய அதிகாரி வரவில்லை. வேறு வேலையாம்.

போலீஸ் வந்தது, தாசில்தார் ஆபீஸ் ஆள் வந்தார். டிமான்ஸ்ட்ரேட்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தண்டோரா போட்டாச்சுன்னு சொல்லிடு. ஆள் மீறித் தோண்டிட்டான். உனக்கும் நல்லது."

போடவில்லை என்றுதான் சொன்னேன். கிழக்குக் கரையில் தோண்டச் சொன்னது நான் என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். டிமான்ஸ்ட்ரேட்டர் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

சோறு இறங்கவில்லை.

தை 22, வியாழன்.

உத்தரவு வந்தது. பெரம்பலூர் நெல் கோடவுன், வண்டு மருந்து வேலை. வருகிற புதன் போய்ச் சேரணும். சம்பந்தம் இங்கே என் இடத்தில்.

அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். கெட்டவன் இல்லை அவன்.

வளை அடைத்தால் மேலே குச்சி நடணும், குச்சியில் சிவப்புத் துணி.
ஜனங்கள் தோண்டி முடிக்கிற வரைக்கும் காத்திரு. அதிகாரி வந்தால் வரட்டும்.
தமுக்கு ஆள் இல்லாவிட்டால் நீயே தெருத்தெருவாகப் போய்ச் சொல். ஆபீஸ் தலையாட்டியது போதும் என்று இருந்துவிடாதே.

"இதெல்லாம் உத்தரவுல இல்லீங்களே" என்றான். இல்லைதான்.

தை 27, செவ்வாய்.

வெயில். நாளைக்குக் கிளம்பணும். பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் அஞ்சலை. இடுப்பில் நெல் கூடை, கையில் மூடின சட்டி.

"ஒண்ணு கேக்கணுங்க" என்றாள்.

அன்றைக்கு மாயவன் வாரிப் போட்ட கதிரைத் தெருக்காரர்கள் கசக்கி, வீட்டில் இருந்த நெல்லோடு கொட்டிவிட்டார்களாம். கூட்டம், குழப்பம், யாருக்கும் நினைவில்லை. இப்போது எது எந்த நெல் என்று தெரியாது. அன்றிலிருந்து வெயிலில் காய்கிறது. பிள்ளைகளுக்குப் போடப் பயம். அது இல்லாவிட்டால் வீட்டில் வேறு ஒன்றுமில்லை.

"திங்கலாமாங்க இத?"

ஆபீஸ் விதி எனக்கு மனப்பாடம். காஸ் பட்ட தானியத்தை உண்ணக் கூடாது. ஆனால் இந்தக் காஸ் காற்றில் போகிறது, வெயிலில் நிற்காது. அரிசிக்கு மேல் உமி வேறு இருக்கிறது. அள்ளி மோந்து பார்த்தேன், நெல் வாசனைதான். தூள் ஒட்டியிருக்கிறதா என்று விரித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. தின்னலாம் என்றுதான் மனசு சொல்லிற்று. முழு நிச்சயம் இல்லை. இல்லை என்று சொன்னால் என் பேருக்கு ஒன்றும் வராது, பிள்ளைகள் பட்டினி.

"நல்லாக் காஞ்சிருக்கு. களைஞ்சி ஆக்குனா திங்கலாம்" என்றேன்.

அவள் போகவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னுதாங்க அவரு அந்தக் கரைக்குப் போனாரு."

மெதுவாகத்தான் சொன்னாள். என்னால் நிமிர முடியவில்லை.

சட்டியை என் முன்னால் வைத்தாள். அந்த நெல்லைக் குத்தி, ஆக்கிக் கொண்டுவந்திருக்கிறாள். கஞ்சி, உப்புக்கல் இரண்டு.

உட்கார்ந்து குடித்தேன். முழுக்க. கடைசியில் விரலால் வழித்தேன். அவள் எதிரே வேப்பமரத்தடியில் குந்திக்கொண்டாள். கூடை பக்கத்தில். நானும் உள்ளே போகவில்லை. பெட்டி பாதியில் கிடந்தது. கோவிந்தன் வந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனான். தலை சுற்றுகிறதா என்று ஒரு தடவை எழுந்து நின்று பார்த்தேன், இல்லை. மரத்து நிழல் நகர்ந்து அவள் காலைத் தாண்டிப் போயிற்று. அவள் என் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் எழுந்தாள். கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். சட்டியை வாங்கிக்கொண்டாள்.

"ஒல வைக்கணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.