தலைமை ஆய்வாளர் அடித்த வரி

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். நான் சுகம்தான், முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று நான் கேட்பதும் நீ ம் கொட்டுவதும் வழக்கம்தான், இருந்தாலும் கேட்கிறேன். ஹாலில் டியூப்லைட் போய்விட்டது, ஒருத்திக்கு எதற்கு இரண்டு விளக்கு என்று விட்டுவிட்டேன்.

நீ அனுப்பிய பயோடேட்டாவை மூன்று முறை படித்தேன். இருபத்தெட்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள் கண்ணில் பிழை படாமல் போகுமா, இரண்டாம் பக்கத்தில் ஒரு வருஷம் மாறியிருக்கிறது, வட்டம் போட்டிருக்கிறேன். 'கடின உழைப்பாளி' என்பதை எடுத்துவிடு, ஊரில் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள், எத்தனை இடத்துத் தண்ணீரைச் சோதித்தாய் என்று கணக்காகப் போடு. போன வருஷம் உனக்கு விருது கொடுத்தார்களாமே, உனக்குக் கீழே ஒன்பது பேராமே, பெற்றவளுக்கு இதெல்லாம் பயோடேட்டாவைப் பார்த்துத்தான் தெரிய வேண்டியிருக்கிறது. கோபமில்லை, ஃபோனில் நாம் பேசுவது மழையும் மருந்தும்தானே.

சிபாரிசுக் கடிதத்துக்காக வியாழக்கிழமை உன் பழைய பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். உன் மேஜையில் இப்போது ஒரு பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது. தலைமை ஆய்வாளரம்மா உன்னை மறக்கவில்லை, ஆனால் நேரமில்லையாம், நீங்களே எழுதிட்டு வாங்கம்மா, நான் படிச்சுப் பாத்து கையெழுத்துப் போடறேன் என்றார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் மனசு வரவில்லை. இந்தப் புது வேலை கிடைத்தால் ஐந்து வருஷ ஒப்பந்தம், இப்போது இருப்பதைவிட இரண்டு மடங்கு தூரம், நான் எழுந்திருக்கும்போது நீ படுக்கப் போவாய். சுமாராக எழுதிவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். பிறகு நன்றாகவே எழுதினேன், ஒரு வார்த்தை பொய்யில்லை.

மறுநாள் அவர் தலையாட்டிக்கொண்டே படித்து வந்து கடைசி வரியில் நின்றுவிட்டார். 'இவரைப் பிரிவது எங்களுக்குப் பெரிய இழப்பு, ஆயினும் மனமார அனுப்பி வைக்கிறோம்' என்று முடித்திருந்தேன். வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு எங்கள் ஆபீசில் தரும் கடிதமெல்லாம் அப்படித்தான் முடியும், கை பழக்கத்தில் போட்டுவிட்டது. அவ இங்கேருந்து போயி ஆறு வருஷம் ஆச்சேம்மா, இப்ப என்ன இழப்பு என்று சிரித்துக்கொண்டே அந்த வரியைப் பேனாவால் கோடு போட்டு அடித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த வரி இல்லாமல் புதுத் தாளில் எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார்.

இத்துடன் இருப்பது அசல், நகல் எடுத்துக்கொண்டு கொடு. கடைசித் தேதி பதினெட்டு. நேர்காணலில் நகம் கடிக்காதே. வேலை உனக்கே கிடைக்கும், எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். அவர் அடித்த தாளைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். அந்த வரிக்குக் கீழே நானே கையெழுத்துப் போட்டு இதே உறையில் வைத்திருக்கிறேன், ஞாபகமறதியாக விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பிவிடாதே, அது உனக்கு மட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா