நான் தனியாக மாற்றிய டயர்

இன்று காலை பதுளையில் டயர் கடைக்குப் போயிருந்தேன். பஞ்சர் ஒட்டும் பசையின் வாடை உனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவோரம் நிற்க, நீ சாம்பிராணி போட்ட வீட்டுக்குள் நிற்பதுபோல இழுத்து இழுத்து மூச்சு விடுவாய். அந்த வாடை ஏறியதும் உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. நீ போய் நாலு மாதமாகிறது. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நம் விஷயத்தில் அந்தச் சட்டம் செல்லாது.

எல்லாரும் நானா என்று கூப்பிடும் கடைக்காரர் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டே, பக்கத்தில் நின்ற ஆளிடம் என்னைக் காட்டினார். "இந்த டீச்சர் யாருன்னு தெரியுமா? பெரகல ரோட்டுல, பட்டுச் சீலையோட, தனியா டயர் மாத்தினவங்க. அந்த எறக்கத்துல ஆம்பளைங்க நாங்களே யோசிப்போம்." அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்பது வருடமாகச் செய்வதையே நான் இன்றும் செய்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல நானா" என்றேன். அப்படிச் சொன்னால் கதை இன்னும் கொஞ்சம் வளரும் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கதை பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருத்தி நீ.

உன் மேல் எனக்கு இருந்தது பொறாமை. அதற்கு வேறு நல்ல பேர் வைக்கப் போவதில்லை. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். நீ அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அதே பள்ளிக்கூடத்தில் படித்து, அதற்கே டீச்சராக வந்தவள். நியாயமாகப் பார்த்தால் நீதான் என்னைப் பார்த்து வயிறெரிந்திருக்க வேண்டும். நீ என்னடாவென்றால் முதல் நாள் இடைவேளையிலேயே, "வாங்க கடைக்காரம்மா, சோத்துப் பொட்டலத்துல என்ன இருக்கு?" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். அந்த வாரக் கடைசியில் என் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக உன் வகுப்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கார் ஓட்டப் பழகியதும் சேர்ந்துதான். லைசென்ஸுக்கு நீ முதல் ட்ரயலிலேயே பாஸ். நான் மூன்றாவது தடவை. இரண்டாவது தடவை நான் தவறியபோது நீ எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாய். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பெரகல ரோட்டுச் சம்பவத்துக்கு ஒரு வாரம் முந்தி, பள்ளிக்கூட வாசலில் அதிபர் சாரின் கார் டயருக்குக் காற்றுப் போனது. அவர் யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். நீ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாய். செய்தி என் வகுப்புக்கு வந்து சேரக் கொஞ்ச நேரமானது. ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு நான் வாசலுக்கு வந்தபோது நீ நட்டுகளை இளக்கிக்கொண்டிருந்தாய். சுற்றி நின்ற பிள்ளைகளுக்குப் பாடமும் நடந்தது. "சக்கரம் தரையில இருக்கும்போதே நட்ட எளக்கிக்கணும். தூக்கிட்டு எளக்குனா காரும் சேந்து ஆடும்." ஜெக்கைக் குறிப்பிட்ட இடத்தில் வைத்துத் தூக்கினாய். கழற்றிய டயரைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டாய். "ஜெக் சறுக்கினாலும் கார் இது மேலதான் உக்காரும், நம்ம மேல உக்காராது." புது டயரின் நட்டுகளை எதிரெதிராக முடுக்கினாய். கார் கீழே இறங்கியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். சாரும் தட்டினார். அன்று அதற்கப்புறம் என் வகுப்பில் ஒருத்தனும் கணக்கைக் கவனிக்கவில்லை.

நான் கைதட்டவில்லை. ஆனால் பார்த்ததையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டேன். உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என் கௌரவம் விடவில்லை. நான் வருவதற்கு முன்னால் நீ என்னென்ன செய்தாய் என்பது எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று இருக்கும் என்றே தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நம்மிடம் படித்த பிள்ளை ஒருத்திக்குப் பெரகலைக்குக் கீழே கல்யாணம். மற்ற டீச்சர்மார் எல்லாரும் சாரோடு வேனில் வந்தார்கள். நான் புதிதாக வாங்கிய காரில் உன்னை மட்டும் ஏற்றிக்கொண்டேன், நான் ஓட்டுவதை நீ பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக. அப்புத்தளை தாண்டி இறங்கும்போது பட்டப்பகலிலேயே பனிமூட்டம் ரோட்டில் கிடந்தது. ஒரு வளைவில் ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. நான் பயந்து பிரேக்கை ஒரே மிதி மிதித்தேன். கார் வளைவுக்குள்ளேயே கோணலாக நின்றது.

"இங்க நிக்காத, எடு" என்றாய்.

"டயர் போயிருச்சு டி. இதோட ஓட்டினா ரிம்மும் போயிரும்."

"ரிம் போனா வாங்கலாம். பின்னால பஸ் வந்தா நாம போயிருவோம். நாலு சிக்னலையும் போட்டுட்டு மெதுவா உருட்டு."

உருட்டினேன். கொஞ்சத் தூரத்தில் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவக் கொட்டகை ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் ரோட்டை விட்டு ஒதுங்கி நிற்க இடமும் இருந்தது. ஞாயிறு என்பதால் ஆள் யாரும் இல்லை. காரை நிறுத்தியதும் நீ இறங்கி டிக்கியைத் திறக்கப் போனாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது என் கார், என் டயர், என் முறை.

"நீ தொடாத. நான் மாத்துறேன்."

"மாத்து. யாரு வேணாம்னா? ஆனா எடத்தப் பாத்துக்க. நம்ம ஊர்ல கண்ணுக்கு மட்டமா இருக்கும், சக்கரத்துக்குப் பள்ளமா இருக்கும். ஹேண்ட் பிரேக்க..."

"எனக்குத் தெரியும். நீ வாய மூடிக்கிட்டுச் சும்மா இரு."

அதைச் சொன்ன தொனி எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. ஒரு டீச்சர் இன்னொரு டீச்சரிடம் பேசுகிற தொனியே இல்லை அது. நான் டிக்கிக்குள் தலையை விட்டு ஜெக்கைத் தேடிக்கொண்டிருந்த நேரம் நீ காரைச் சுற்றி நடந்தாய். அப்புறம் ஒரு மரக் கொப்பை ஒடித்து வளைவுக்குக் கிட்ட ரோட்டில் போட்டாய். இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மலைப் பக்கமாக ஒதுங்கி, வருகிற வாகனங்களுக்கு ஆட்டிக் காட்டத் தொடங்கினாய். கல்யாணத்துக்குப் போகிறவள் மயிலிறகு வீசுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நட்டுகளைத் தரையில் வைத்தே இளக்கினேன். ஜெக்கைப் போட்டுத் தூக்கினேன். எல்லாம் சரியாக வந்தது. மாற்று டயரைக் காருக்கு அடியில் போட வேண்டும் என்பது ஞாபகம் வந்தது, சீலை அழுக்காகுமே என்று விட்டுவிட்டேன். பழைய டயர் இறுகிப்போய்க் கழல மறுத்தது. தரையில் உட்கார்ந்து, இடது காலைக் காருக்கு அடியில் நீட்டி உதைத்துக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். டயர் கையோடு வந்தது. அந்த இழுப்பில் காரும் நகர்ந்தது.

இரண்டு விரற்கடைதான் நகர்ந்திருக்கும். ஜெக் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். காலை இழுக்க வேண்டும் என்று தெரிந்தது, கால் அசையவில்லை. எங்கோ 'நறக்' என்று ஒரு சத்தம், கார் நின்றுவிட்டது. ஜெக் சாய்ந்தபடியே தாங்கிக்கொண்டிருந்தது. நான் ஊர்ந்து வெளியே வந்து குனிந்து பார்த்தேன். பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னால், இறக்கத்துப் பக்கமாக, சக்கரத்துக்கு ஒன்றாய் இரண்டு பெரிய கற்கள் முட்டுக் கொடுத்திருந்தன. நான் வைத்தவை இல்லை. ஹேண்ட் பிரேக் பாதிதான் இழுபட்டிருந்தது, கியரும் போடவில்லை. கல், ஹேண்ட் பிரேக், கியர்: பள்ளிக்கூட வாசலில் நான் வருவதற்கு முன்னால் நீ செய்து முடித்திருந்தது அவ்வளவும் இதுதான்.

சத்தம் கேட்டு நீ வளைவிலிருந்து கத்தினாய். "காலு இருக்கா?"

"இருக்கு."

"அப்போ சரி. ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்து, கியர்ல போட்டு, ஜெக்க மறுபடி நேரா வையி."

அவ்வளவுதான் சொன்னாய். நீ சொன்னபடி செய்தேன். ஒரு நட்டு கை நழுவிப் புல்லுக்குள் விழுந்தது, அதைத் தேடி எடுத்தேன். கடைசி நட்டை முடுக்கிக்கொண்டிருக்கும்போது சாரின் வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் கண்டது இதைத்தான்: முட்டி வரை சேறும் முழங்கை வரை கரியுமாக நான், அலுங்காத சீலையோடு கொப்பு ஆட்டிக்கொண்டு நீ.

"யாரு மாத்தினது?" என்றார் சார்.

"நான்தான் சார்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

உன்னைப் பார்த்தேன். நீ கொப்பைத் தூக்கிக் காட்டி, "அவங்கதான் சார். எனக்குக் கொடி காட்டுற வேலதான்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குக் கைதட்டினார்கள். அவர்கள் என்னைச் சூழ்ந்து நின்ற நேரத்தில் நீ குனிந்து அந்தக் கற்களை எடுத்துத் தண்ணீர் ஓடும் காணுக்குள் போட்டாய். "ரோட்டோரத்துல கல்ல விட்டுட்டுப் போனா பின்னால பைக்குல வர்றவன் விழுவான்" என்றாய். ஒரு ஆளும் அதைக் கவனிக்கவில்லை.

கல்யாண வீட்டில் நான் கையைக் கழுவினேன், சீலையில் இருந்த கரியைத் துடைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கதை சொன்னேன். ஆனால் படம் பிடிக்கும்போது பொண்ணு உன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். கரி எனக்கு, படம் உனக்கு. உன்னால் என் கால் தப்பிய அந்த நாளிலும் நான் அதற்காகக் கருவிக்கொண்டுதான் வீடு வந்தேன்.

ஒன்பது வருடம் அந்தக் கதை என்னைவிட வேகமாக ஓடியது. புது டீச்சர்மார் வந்தால் அவர்களுக்குச் சொல்வார்கள். நீயும் கூட நின்று கேட்பாய். எந்த இடத்திலாவது ஒரு சின்னச் சிரிப்பு வருகிறதா என்று உன் முகத்தையே பார்ப்பேன். ஒரு நாளும் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். உன்னை வெறுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் உன் கட்டில் ஓரம் நான் உட்கார்ந்திருந்த கடைசி நாட்களில், சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை நர்ஸ் வந்தார். மற்றத் தடவை யாரும் வரவில்லை, நான்தான் சொல்லவில்லை.

இன்று டயரைப் பூட்டிக்கொண்டு, நேராகப் பசறைக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் திவ்யா தனியாக இருந்தாள். உன் காரில் பழகுகிறாளாம், அடுத்த மாதம் ட்ரயல். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதிப் பிரேக், நீட்டிய கால், உன் கற்கள், "நான்தான் சார்" என்று முந்திய என் வாய், எதையும் விடவில்லை. அவளாவது என்னைத் திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் குழம்பிப்போய்ப் பார்த்தாள். "கல்லு வச்சது நீங்கதானே ஆன்ட்டி?"

"இல்லம்மா. உங்கம்மா."

"அம்மா அப்படிச் சொல்லலையே. 'அவ மொதல்ல கல்லு வச்சிட்டுத்தான் ஜெக்கையே தொட்டா, நீயும் அவ மாதிரி செய்யணும்'னுதான் சொல்லுவாங்க. ஒவ்வொரு தடவையும் உங்க பேரச் சொல்லித்தான் கல்லு வைக்கச் சொல்லிக் குடுத்தாங்க." அப்புறம் கேட்டாள். "அப்போ அம்மா பொய் சொன்னாங்களா?"

"ஆமா" என்றேன். "உங்கம்மா பொய் சொல்லியிருக்கா." தேத்தண்ணியைக் குடிக்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

எத்தனையோ வருடம் உன்னிடம் ஒரு குற்றம் கண்டுபிடிக்கத் தேடினேன். இன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. ஊரில் என்னைப் பெரிய ஆளாக்க நான் ஒன்பது வருடம் பொய் சொன்னேன். உன் வீட்டுக்குள், உன் மகளிடம், நீயும் அதே ஒன்பது வருடம் என்னைப் பெரிய ஆளாக்கவே பொய் சொல்லியிருக்கிறாய். உண்மையைச் சொல்லிவிட்டால் பொறாமை தீர்ந்துவிடும் என்று நம்பித்தான் போனேன். கூடித்தான் போய்விட்டது. இனி இதை வைத்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வேண்டும், எதிர்த்துச் சண்டை போட நீயும் இல்லாமல்.